ஆடாத காருக்குப் பிடி உண்டா?

கேள்வி: எனக்கு 26 வயது. அறந்தாங்கியில் அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். போன வருடம் பழைய ஹேட்ச்பேக் கார் ஒன்று வாங்கினேன். வளைவில் ரொம்பச் சாய்கிறதே என்று வெளியூர்ப் பட்டறை ஒன்றில் விட்டு, நான்கு ஸ்பிரிங்கிலும் ஒன்றரைச் சுற்று வெட்டி வண்டியை இறக்கினேன். ஷாக் அப்சார்பர் பழையதுதான். அலாய் வீலும் லோ புரொஃபைல் டயரும் போட்டிருக்கிறேன். இப்போது வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு போகிறது. வளைவில் சாய்வதே இல்லை.

ஆனால் வீட்டில் தினமும் சண்டை. முதுகு வலிக்கிறது என்று அப்பா ஏறவே மறுக்கிறார். ‘பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்தால் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வார்’ என்று மாமா பயமுறுத்துகிறார். போன மாதம் கட்டுமாவடி சாலையில், தூறல் விட்ட நேரம், ஒரு வளைவில் பின்பக்கம் துள்ளி ஒரு முழம் தள்ளி விழுந்தது. எதிரே வந்த பஸ் ஒதுங்கியதால் தப்பித்தேன். ‘நீ ஓட்டியதுதான் தப்பு. ரேஸ் கார் எல்லாம் கல் மாதிரிதான் இருக்கும். காயிலோவர் போடு, சரியாகிவிடும்’ என்கிறார்கள் நண்பர்கள். யார் சொல்வது சரி?

வாசகர், அறந்தாங்கி

பதில்: தம்பி, இந்தப் பதிலைப் படித்து முடிக்கிறவரை சாவியை அப்பாவிடம் கொடுத்து வையுங்கள். அவர் சொல்வது சரி. மாமா சொல்வதும் சரி. நண்பர்கள் சொன்னதில் ஒன்று மட்டும் சரி: ரேஸ் கார் கல் மாதிரிதான் இருக்கும். அதை வைத்து அவர்கள் வந்து சேர்ந்த முடிவுதான் கோளாறு.

உங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்க மாட்டு வண்டியே போதும். புதுக்கோட்டைச் சீமையில் திருவிழா என்றால் எல்கைப் பந்தயம் உண்டு. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு என்று பிரித்துத் தார்ச்சாலையில் விடுவார்கள். பந்தய வண்டிக்கு வில் கிடையாது. அச்சு, அதன்மேல் சட்டம், சட்டத்தின்மேல் சாரதி. ஒரு கல் தட்டினால் வண்டி எம்பிக் குதிக்கும். ஆனாலும் ஓடும். காரணம் என்ன? சக்கரம் அந்தரத்தில் இருந்தாலும் மாட்டின் குளம்பு தரையில் இருக்கிறது. இழுப்பது குளம்பு, திருப்புவது குளம்பு, நிற்பதும் குளம்பால்தான். சக்கரத்துக்கு உருள்வதைத் தவிர வேறு வேலை இல்லை.

காரில் சக்கரமே மாடு. இழுவை, திருப்பம், பிரேக் மூன்றும் டயர் தரையைத் தொடுகிற இடத்தில்தான் நடக்கின்றன. அந்த இடம் ஒரு டயருக்கு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் அந்த உள்ளங்கை தரையை விட்டு எழும்பினால், 1.7 மீட்டர் தூரத்துக்கு அந்தச் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது. ஏ.பி.எஸ். இருக்கிறதே என்றும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அந்தரத்தில் இருக்கும் சக்கரம் பிரேக் பட்டதும் சட்டென்று நின்றுவிடும். டயர் வழுக்குகிறது என்று எண்ணிக்கொண்டு ஏ.பி.எஸ். அழுத்தத்தைத் தளர்த்தும். சக்கரம் திரும்பத் தரைக்கு வரும்போது பிரேக் முழுசாக இருக்காது.

ஸ்பிரிங் எதற்கு என்று கேட்டால், குலுங்காமல் போவதற்கு என்பார்கள். அது இரண்டாவது வேலை. முதல் வேலை, சக்கரத்தைத் தரையில் வைத்து அழுத்திக்கொண்டே இருப்பது. மேட்டில் ஏறும்போது சக்கரத்துக்கு வழிவிடவேண்டும். பள்ளம் வந்தால் விரிந்து அதைக் கீழே தள்ளவேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் யாரும் நினைப்பதில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். சாதாரணக் குடும்பக் காரின் உடலை அமுக்கி விட்டால் நொடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரைத் தடவை ஆடும் அளவுக்கு ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். 1.2 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வண்டியின் எடைக்கு அந்த ஸ்பிரிங், சக்கரத்தில் அளந்தால், சுமார் 17 செ.மீ. அமுங்கி நிற்கிறது என்று பொருள். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால், ஷாக்கின் நீளம் இடம் கொடுக்கிற வரை ஸ்பிரிங் அதைத் தள்ளிக்கொண்டே போகும். இதையே நொடிக்கு 2 தடவை என்ற அளவுக்குக் கடினமாக்கினால் அமுக்கம் 6 செ.மீ.தான். அதற்குமேல் ஆழமான பள்ளத்தில் சக்கரத்தைக் கீழே தள்ள ஸ்பிரிங்கில் எதுவும் மிச்சமில்லை. தன் எடையில் தானாக விழுந்தால் உண்டு. நம் சாலையில் 6 செ.மீ. பள்ளத்துக்குப் பஞ்சமா?

உங்கள் வண்டிக்கு வருகிறேன். ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை வெட்டினால் அதன் கடினம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அவ்வளவுதான். அதனால் மட்டும் ஒரு கார் கல் ஆகிவிடாது. பிறகு ஏன் அப்பாவின் முதுகு உடைகிறது? ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். பம்ப் ஸ்டாப் என்பார்கள். ஸ்பிரிங் முழுக்க அமுங்கி இரும்போடு இரும்பு மோதாமல் இருக்கக் கடைசிக் காவலாக வைத்தது. ஆலையிலிருந்து வரும்போது அதற்கும் ஷாக்கின் தலைக்கும் நடுவே ஏழெட்டு செ.மீ. இடைவெளி இருந்தால், நீங்கள் நாலைந்து செ.மீ. இறக்கியதில் பாதிக்குமேல் போய்விட்டது. மூன்று பேர் ஏறிப் பின்னால் சரக்கும் வைத்தால் மீதியும் போய்விடும். ஆக, நீங்கள் ஸ்பிரிங்கின்மேல் போகவில்லை தம்பி. பாதி நேரம் ரப்பர் கட்டையின்மேல் உட்கார்ந்து போகிறீர்கள். ‘தரையோடு ஒட்டிப் போகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த உணர்வு அங்கிருந்துதான் வருகிறது.

கட்டுமாவடி சாலையில் நடந்ததும் பெரும்பாலும் இதுதான். வளைவில் வெளிப்பக்கப் பின்சக்கரத்தில் சுமை ஏறியிருக்கும். அதோடு தார் ஒட்டுப்போட்ட மேடு ஒன்று வந்து சேர்ந்தால் கட்டை மோதும். மோதிய அந்தக் கணத்தில் பின்பக்கத்துக்கு ஸ்பிரிங்கே இல்லை என்றாகிவிடும். டயர் மேட்டில் பட்டுத் துள்ளும். பழைய ஷாக்கால் அந்தத் துள்ளலை அடக்க முடியாது. சாலை வேறு ஈரம். நீங்கள் தப்பாக ஓட்டினீர்களா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அந்த வளைவில் அந்த வேகத்தில் பழைய ஸ்பிரிங் இருந்திருந்தால், வண்டி சாய்ந்து, டயர் கீச்சிட்டு, ‘மெதுவாகப் போ’ என்று முன்கூட்டியே சொல்லியிருக்கும். நீங்கள் குறை என்று நினைத்து வெட்டிப்போட்ட சாய்வு உங்களுக்கு வேகம் சொல்லிக்கொண்டிருந்தது. உடம்பு சாயாததால் மூளைக்குப் பயம் வரவில்லை. பயம் வராததால் கால் அமுக்கியது.

சாய்வது வேறு, பிடி விடுவது வேறு. பிரான்ஸில் சிட்ரோயன் நிறுவனம் 1948இல் டூ சிவி என்று ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்தது. ஒரு கூடை முட்டையை வைத்துக்கொண்டு உழுத வயலில் ஓட்டினால் ஒரு முட்டைகூட உடையக்கூடாது என்பதுதான் அதை வடிவமைத்தவர்களுக்குக் கொடுத்த நிபந்தனை. வளைவில் அது படகு மாதிரிச் சாயும். பார்ப்பவர்களுக்கு இப்போது கவிழ்ந்துவிடும் போலிருக்கும். ஆனால் லேசில் கவிழாது, சக்கரம் தரையை விடாது. விவசாயிக்கான கார்தானே என்று தள்ளிவிட முடியாதபடி இன்னொன்று: 1962இல் வந்த லோட்டஸ் எலான். வளைவில் ஓடுவதற்கென்றே பெயர் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். அதை உருவாக்கிய காலின் சாப்மன் அதற்கு மென்மையான ஸ்பிரிங்கைத்தான் போட்டார், நன்றாகக் கட்டுப்படுத்தும் ஷாக்கோடு சேர்த்து.

சரி, ரேஸ் கார் ஏன் கல் மாதிரி இருக்கிறது? ஓடுகிற தளம் அப்படி. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைத் தடமாகட்டும், 2003இல் வந்த கோவை செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயாகட்டும், சீராகப் போட்ட தளத்தில் சாணி, ஆடு, உலரவைத்த வைக்கோல் எதுவும் கிடையாது. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 ஓட்டினார்களே, அதுகூட 3.5 கி.மீ. சாலையைச் செப்பனிட்டு, இருபுறமும் தடுப்பு வைத்து, போக்குவரத்தை நிறுத்திவிட்டுத்தான். இன்னொரு காரணம் காற்று. ஃபார்முலா 1 காரை அதன் இறக்கைகளும் அடித்தளமும் வேகத்தில் தரையோடு அழுத்துகின்றன. அந்த அழுத்தம் காரின் எடையையே தாண்டும். மெத்தென்ற ஸ்பிரிங் போட்டால் வயிறு தரையில் உரசும். உங்கள் ஹேட்ச்பேக்குக்கு அப்படி ஓர் அழுத்தம் இல்லை, அந்தக் கடினமும் வேண்டியதில்லை.

அவ்வளவு செலவழித்துச் செய்த வண்டியிலும் அளவுக்கு மீறினால் வினைதான். 2022ஆம் ஆண்டு ஃபார்முலா 1 கார்கள் மிகத் தாழ்வாகவும் கடினமாகவும் வந்தன. நேர்ச்சாலையில் குதிரை மாதிரிக் குதித்தன. அஜர்பைஜானின் பாகு நகரப் பந்தயம் முடிந்து, ஏழு முறை உலக சாம்பியனான லூயிஸ் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கியதை உலகமே பார்த்தது. அந்தக் குதிப்புக்கு வரம்பு கட்ட அதே ஆண்டு விதி வந்தது. உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். தன் முதுகுக்கு நல்ல துணை கிடைத்தது என்று சந்தோஷப்படுவார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்புக்கு ஆகாத அதிர்வு நொடிக்கு 4 முதல் 8 தடவை வரை. மென்மையான ஸ்பிரிங் அந்த அதிர்வை வடிகட்டிவிடும், ரப்பர் கட்டை வடிகட்டாது. வயதான எலும்பு ஒரே ஒரு வேகத்தடைக் குதிப்பில் நொறுங்கக்கூடும். பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து போய் அப்படி அடிபட்டவர்களை எலும்பு மருத்துவர்கள் அறிவார்கள்.

உங்கள் நண்பர்களுக்குப் பந்தய வண்டிதான் உதாரணமாக வேண்டும் என்றால் ராலி காரைக் காட்டுங்கள். மண்ணிலும் ஜல்லியிலும் பறக்கிற வண்டி அது. உலக ராலியில் ஓடும் இன்றைய கார்களின் சக்கரம் மேலும் கீழுமாக 27 செ.மீ. வரை, அதாவது ஓர் அடிக்குச் சற்றே குறைவாக, நகர்வதற்கு அனுமதி. உயரமாக நிற்கும், ஸ்பிரிங் நீளமாக இருக்கும். அறந்தாங்கியிலிருந்து மணமேல்குடிக்குப் போகிற வண்டிக்கு இவற்றில் எது உறவுக்காரன் என்று நீங்களே சொல்லுங்கள்.

முன்பு வேகத்தடை என்றேனே, அதில் என் கதை ஒன்று உண்டு. உங்கள் வயதில் நானும் ஒரு பழைய காரின் ஸ்பிரிங்கை வெட்டினேன். கேஸ் வெல்டிங் தீயை வைத்து, நானே. மூன்றாம் நாள் ஒரு கிராமத்து வேகத்தடையில் எண்ணெய்ச் சட்டி கிழிந்து, தெரு நெடுகக் கோலம் போட்டுக்கொண்டு போய் நின்றேன். அந்தத் தடையைப் போட்டவரை ஒரு மணி நேரம் திட்டினேன். பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த பழைய அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கவேண்டும். 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். அப்படி அகலமாகப் போட்டது, சின்னக் காரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 4 செ.மீ.தான் வயிற்றைத் தொட வரும். குறுகலாக, வரப்பு மாதிரி எழுப்பியதோ தன் உயரம் முழுவதையும் கேட்கும். நம்மூரில் எந்த வகை அதிகம் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்தத் தடைகளின்மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் சாலை திருந்துகிறவரை வண்டியாவது சாலைக்குத் தக்கபடி இருக்கவேண்டும் அல்லவா?

இப்போது ஒரு சோதனை. ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். வண்டிக்கு அடியில் படுக்காமல், சக்கர வளைவுக்குள் கையை விட்டு ஸ்பிரிங்கைச் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால், லொடலொடவென்று ஆடினால், அது தன் கிண்ணத்தில் உட்காரவில்லை. வெட்டியதில் நீளம் குறைந்துவிட்டது. பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது அது இடம் மாறி உட்காரலாம். பின் ஸ்பிரிங் சில வண்டிகளில் வெளியே குதித்தே விடும். இன்னொன்று, தீயால் வெட்டியிருந்தால் வெட்டின இடத்தை ஒட்டி இரும்பின் பதம் போயிருக்கும். அங்கேதான் பிறகு முறியும். டயரின் உள்விளிம்பையும் தடவிப் பாருங்கள். ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் வண்டி இறங்கியதில் சக்கரக் கோணம் கெட்டிருக்கிறது.

நண்பர்கள் காயிலோவர் போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஜோடியாகச் செய்து, மரை திருகி உயரத்தை ஏற்றி இறக்குகிற அமைப்பு அது. தரமான ஒன்று வெட்டிய ஸ்பிரிங்கைவிட எவ்வளவோ மேல். ஸ்பிரிங்கின் பலத்துக்கு ஏற்ற ஷாக் அதில் இருக்கிறது. ஆனால் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே அதைக் கடைசி மரை வரை இறக்கிவிடுகிறார்கள். பிறகு கதை பழையபடி ரப்பர் கட்டையில் வந்து நிற்கும். தினசரி ஓட்டத்துக்கு, அதுவும் உங்கள் பக்கத்துச் சாலைக்கு, என் பதில் வேண்டாம் என்பதே.

மாமாவின் பயம் வெறும் பயமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்திலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ₹5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.சி. புத்தகத்தில் ஸ்பிரிங் பற்றி வரியே இல்லையே என்று நீங்கள் வாதாடலாம். நான்கு ஸ்பிரிங், நான்கு வீல், ஆக எத்தனை மாற்றம் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் எண்ணத் தொடங்கலாம். அந்த வாதத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். விபத்து நடந்து காப்பீட்டுக்காரர் வண்டியைப் பார்க்க வரும்போதும் இதே கேள்வி எழும். ஜெர்மனியில் இத்தகைய மாற்றத்துக்கு வழி இருக்கிறது: சான்று பெற்ற பாகம், பரிசோதகரின் ஒப்புதல், வண்டிப் பத்திரத்தில் பதிவு. அப்படி ஓர் ஏற்பாடு இங்கும் வந்தால் நான் முதல் ஆளாக வரவேற்பேன். வரும்வரை இதுதான் சட்டம்.

இனி செய்யவேண்டியது. உங்கள் மாடலுக்கு உரிய நான்கு புது ஸ்பிரிங் வாங்குங்கள். ஷாக் நான்கையும் மாற்றுங்கள். காசு போதாவிட்டால் முன் இரண்டு, பின் இரண்டு என்று ஜோடியாக மாற்றலாம், ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. பம்ப் ஸ்டாப், ஸ்ட்ரட் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் எல்லாம் இவ்வளவு நாள் அடி வாங்கியிருக்கும், கழற்றும்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். முடிந்ததும் வீல் அலைன்மென்ட். ஹெட்லைட் உயரத்தையும் சரிபாருங்கள். டயர் காற்று, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அளவு. பஞ்சர் கடைக்காரர் கைக்கு வந்த அளவு வேண்டாம். அலாய் வீலையும் பழைய அளவுக்கே மாற்றிவிட்டால் நல்லது. உயரமான டயரின் பக்கச்சுவரும் ஒரு ஸ்பிரிங்தான்.

இதையெல்லாம் செய்த பிறகும் வண்டி வளைவில் சாயும். ஆனால் உங்களுக்கு முதலில் தோன்றிய அந்த ‘ரொம்ப ஆட்டம்’ இருக்காது. பழைய காரில் அந்த ஆட்டம் பெரும்பாலும் செத்துப்போன ஷாக்காலும் தளர்ந்த புஷ்ஷாலும் வருவது. அன்றைக்கே அவற்றை மாற்றியிருந்தால் ஸ்பிரிங்கில் கை வைத்திருக்கவே வேண்டாம். ஆவுடையார்கோயில் பக்கத்துக்காரரிடம், குதிரை வாங்க மாணிக்கவாசகரிடம் கொடுத்த பணம் வேறு வழியில் போனதைப் பற்றி நான் கதை சொல்லக்கூடாது. ஆனால் அவர் செலவழித்தது கோயிலுக்கு, நீங்கள் செலவழித்தது ஸ்பிரிங்கை வெட்டுவதற்கு.

வேக ஆசை தீரவில்லை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போய் கார்ட்டிங் ஓட்டிப் பாருங்கள். அந்த வண்டிக்கு ஸ்பிரிங்கே கிடையாது, அது ஓடும் தளத்துக்கு அது தேவையும் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கழற்றிய ஸ்பிரிங்குகளைப் பாதி விலைக்குக் கேட்டு யாராவது ஒரு நண்பர் வருவார். கொடுக்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வாருங்கள்.